மெத்தோட்ரெக்சேட் போதாதபோது: ஐந்து வழிகளில் எது?

எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் ருமட்டாய்டு மூட்டுவாதத்துக்கு, வழக்கமான முதல் மருந்தான மெத்தோட்ரெக்சேட் தொடங்கி ஆறு மாதம் ஆகிவிட்டது. இன்னும் காலையில் விரல்கள் மடங்க ஒரு மணி நேரம் பிடிக்கிறது, மணிக்கட்டு வீக்கம் வடியவில்லை. இந்தக் கட்டத்தில் மருத்துவர் அடுத்த மருந்தைப் பற்றிப் பேசுவார். புறநோயாளிப் பிரிவின் கூட்டத்தில் அந்தப் பேச்சு ஐந்து நிமிடம் நீண்டால் அதிகம். சீட்டில் அடலிமுமாப், டோஃபாசிட்டினிப், ரிடுக்சிமாப் என்று ஏதோ ஒரு பெயர் இருக்கும். இவற்றில் ஒன்று வலு கூடியது, இன்னொன்று குறைந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படியல்ல. எதிர்ப்புச் சக்தி அணுக்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொள்ளும் வெவ்வேறு பாதைகளை இவை அடைக்கின்றன.

அடைக்கக்கூடிய இடங்கள் ஐந்து. டி.என்.எஃப். என்ற செய்திப் புரதம், இன்டர்லூக்கின் 6, அணுவுக்குள் இருக்கும் ஜேக் நொதிகள், எதிர்ப்பொருள் சுரக்க வழிசெய்யும் பி அணுக்கள், இவர்கள் எல்லோரையும் தூண்டிவிடும் டி அணுக்கள். மெத்தோட்ரெக்சேட் போதாத நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளைப் பார்த்தால் ஐந்தின் பலனும் ஏறக்குறைய ஒரே உயரம்தான்: பத்துப் பேரில் ஆறு பேருக்கு ஓரளவு குறைகிறது, நான்கு பேருக்குப் பாதியாகக் குறைகிறது, இரண்டு பேருக்கு நன்றாகவே அடங்குகிறது. பலன் சமமாக இருக்கும்போது தேர்வைத் தீர்மானிப்பவை மற்றவைதாம். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்தில் அவை என்னென்ன என்று பட்டியல் போட்டால், நுரையீரலில் உறங்கும் காசநோய், ஈரலில் ஒளிந்திருக்கும் ஹெபடைடிஸ் பி, பீடிப் பழக்கம், வீட்டு ஃப்ரிட்ஜ், மாதச் செலவு என்று போகும்.

முதலில், மெத்தோட்ரெக்சேட் தோற்றதா, தோற்கடிக்கப்பட்டதா?

வாரம் 10 மி.கி. மாத்திரையை ஒரு வருடம் விழுங்கியதைத் தோல்வி என்று சொல்ல முடியாது. வாரம் 20 முதல் 25 மி.கி. வரை ஏற்றி, மூன்று மாதமாவது பார்த்திருக்க வேண்டும். 15 மி.கிராமைத் தாண்டினால் குடல் மாத்திரையைச் சரியாக உறிஞ்சாது. அதே அளவைத் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டால் பலன் கூடும், குமட்டலும் குறையும். ஊசிக்கு ஆகும் கூடுதல் செலவு, அடலிமுமாப் போன்ற உயிரியல் மருந்தின் (உயிரணுக்களைக் கொண்டு தயாரிக்கும் புரத ஊசியின்) செலவுக்கு முன்னால் தூசு. ஃபோலிக் ஆசிட் 5 மி.கி. வாரம் ஒருமுறை, மெத்தோட்ரெக்சேட் நாள் தவிர்த்து வேறு நாளில் எடுப்பது வழக்கம். இரண்டு மாத்திரையும் சிறியவை, மஞ்சள் நிறத்தவை. மாற்றி எடுத்து, மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் போட்டுக்கொண்டு, வாயெல்லாம் புண்ணாகி இரத்த அணுக்கள் விழுந்து வருபவர்கள் உண்டு, உயிர் போவதும் உண்டு. அட்டையின் மேலேயே 'வியாழன் மட்டும்' என்று பேனாவால் எழுதிவைப்பது நல்லது.

அடுத்த கேள்வி, சல்ஃபாசலசினும் ஹைட்ராக்சிகுளோரோகுயினும் சேர்த்து மூன்று மாத்திரைக் கூட்டாகப் போட்டுப் பார்த்தாயிற்றா என்பது. 2013-இல் வெளியான, 353 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், இந்த மலிவான கூட்டு, மெத்தோட்ரெக்சேட்டுடன் டி.என்.எஃப். தடுப்பான எட்டானெர்செப்ட் ஊசி சேர்த்ததைவிடப் பின்தங்கவில்லை. நாளுக்கு ஏழெட்டு மாத்திரை விழுங்க வேண்டும், சல்ஃபாசலசின் வயிற்றைப் புரட்டும். இருந்தாலும் பணநெருக்கடியில் இருக்கும் குடும்பத்துக்கு இதைச் சொல்லாமல் நேராக ஊசிக்குத் தாவுவது நியாயமில்லை என்பது என் கருத்து.

வீக்கத்துக்குள் என்ன ஓடுகிறது

மூட்டின் உட்சவ்வு சாதாரணமாக ஓரிரு அணு அடுக்குதான். இந்த நோயில் அது பல மடங்கு தடித்து, குருத்தெலும்பின் மேல் படர்ந்து அரிக்கிறது. கதை பெரும்பாலும் மூட்டில் தொடங்குவதில்லை. புகையால் நுரையீரலிலும், ஈறு அழற்சியால் வாயிலும் சில புரதங்கள் வடிவம் மாறுகின்றன. மாறிய புரதத்தை அந்நியன் என்று நினைத்து எதிர்ப்பொருள் உருவாகிறது. ஆன்டி சி.சி.பி. சோதனை காட்டுவது இதைத்தான். வலி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அது இரத்தத்தில் இருக்கலாம்.

மூட்டுக்குள் வந்தபின் டி.என்.எஃப். அணுவின் வெளிச்சுவரில் ஒட்டி, உள்ளே என்.எஃப். கப்பா பி என்ற பாதையை முடுக்குகிறது. அதன் விளைவாக இன்டர்லூக்கின் 6 போன்ற அடுத்த கட்டச் செய்திகள் சுரக்கின்றன. இன்டர்லூக்கின் 6 வேறு வாசலில் ஒட்டி, ஜேக் 1 நொதி வழியாக ஸ்டாட் 3 என்ற புரதத்தைக் கிளப்புகிறது. அது ஈரலில் சி.ஆர்.பி. என்ற, அழற்சியைக் காட்டும் புரதத்தை ஏற்றுகிறது, இரும்பைப் பூட்டிவைத்து இரத்தசோகையைக் கொண்டுவருகிறது. எலும்பைத் தின்னும் அணுக்களை இரண்டுமே ரேங்க் லிகண்ட் என்ற செய்திப் புரதம் வழியாக எழுப்புகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரிகள் நிறைவதை இங்கே எல்லோரும் பார்த்திருப்பார்கள்: மேல் ஏரி கலங்கல் வழிந்து கீழ் ஏரிக்குப் போகும், இடையில் இன்னொரு ஓடையும் வந்து சேரும். ஒரு மதகை அடைத்தால் கழனிக்கு வரும் தண்ணீர் குறையும், சிலருக்கு மட்டும் பக்கத்து ஓடை வழியாக வந்துகொண்டேயிருக்கும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். படத்தில் பாதை இருக்கிறது என்பதற்காக அதை அடைத்தால் பலன் வரும் என்றில்லை. பி38 என்ற நொதியை அடைத்த மருந்துகள் ஆய்வில் சுருண்டன. சொரியாசிஸுக்கு அற்புதமாக வேலை செய்யும் இன்டர்லூக்கின் 17 தடுப்பு ருமட்டாய்டில் சுமார்தான். இன்டர்லூக்கின் 1 தடுப்பும் அப்படியே. டி.என்.எஃப். ஜேக் வழியாகச் செய்தி அனுப்புவதில்லை என்பதும் பலருக்குத் தெரியாது. ஜேக் மாத்திரை அதைத் தொடாமலே, அடுத்த கட்டத்தில் பல செய்திகளை ஒன்றாக மட்டுப்படுத்தி வேலை செய்கிறது.

டி.என்.எஃப். தடுப்பு

கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட அனுபவம் இதன் பெரிய பலம். அடலிமுமாப் 40 மி.கி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எட்டானெர்செப்ட் 50 மி.கி. வாரம் ஒருமுறை, இரண்டும் தோலுக்கடியில். இன்ஃப்ளிக்சிமாப் கிலோவுக்கு 3 மி.கி. நரம்பில், முதல் நாள், 2-ஆம் வாரம், 6-ஆம் வாரம், பிறகு எட்டு வாரத்துக்கு ஒருமுறை. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இன்ஃப்ளிக்சிமாப் 150 மி.கி. வரும். குப்பி 100 மி.கி., எனவே இரண்டாவது குப்பியில் பாதி வீண். அடலிமுமாபின் நகல் மருந்தை இந்தியாவில் 2014 டிசம்பரிலேயே சைடஸ் நிறுவனம் கொண்டுவந்துவிட்டது. அதன்பின் விலை இறங்கியது.

கெடுதல் எங்கே? டி.என்.எஃப். காசநோய்க் கிருமியைச் சிறு முடிச்சுக்குள் சிறைவைக்கும் காவலாளி. அவரை அனுப்பிவிட்டால் கிருமி வெளியே வரும், அதுவும் நுரையீரலோடு நிற்காமல் நிணநீர்க் கட்டி, வயிறு, முதுகெலும்பு என்று பரவிய வடிவில். எட்டானெர்செப்ட், டி.என்.எஃப். ஒட்டும் ஏற்பிப் புரதத்தின் நகல். மற்ற இரண்டும் முழு எதிர்ப்பொருள்கள். எட்டானெர்செப்டில் காசநோய் ஆபத்து ஒப்பளவில் குறைவு, அதனால் டி.என்.எஃப். தடுப்பு கட்டாயம் என்ற நிலையில் இங்கே அதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும். இதயம் பலவீனமாகி மூச்சுத்திணறல் இருப்பவர்களுக்கு இந்த வகையே கூடாது. மரத்துப்போன தேமல் உடலில் இருந்தால் முதல் ஊசிக்கு முன்பே தொழுநோய்க்குப் பார்த்துவிட வேண்டும். தொழுநோய் மருத்துவமனை இருக்கும் கரிகிரி பக்கத்து மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. டி.என்.எஃப். தடுப்பு தொடங்கியபின் மறைந்திருந்த தொழுநோய் வெளிப்பட்ட நோயாளிகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள்.

முதல் ஊசியிலிருந்தே கேட்கவில்லை என்றால் அந்த நோயாளிக்கு டி.என்.எஃப். முக்கிய மதகு அல்ல, பாதையை மாற்றுவது மேல். ஒரு வருடம் நன்றாக இருந்து பிறகு தேய்ந்தால் உடல் மருந்துக்கே எதிர்ப்பொருள் உண்டாக்கியிருக்கலாம். அப்போது இன்னொரு டி.என்.எஃப். தடுப்பு எடுபடும். மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தாமல் வைத்திருப்பது இந்தத் தேய்மானத்தைத் தள்ளிப்போடும்.

இன்டர்லூக்கின் 6 தடுப்பு

டோசிலிசுமாப் கிலோவுக்கு 8 மி.கி., நான்கு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில். 50 கிலோவுக்குச் சரியாக 400 மி.கி., ஒரே குப்பி. மெத்தோட்ரெக்சேட்டை ஈரலோ வயிறோ தாங்காதவர்களுக்கு இது தனியாகவே நிற்கும். 2013-இல் வெளிவந்த அடாக்டா ஆய்வில், தனியாகக் கொடுத்த டோசிலிசுமாப் தனியாகக் கொடுத்த அடலிமுமாபைத் தெளிவாக முந்தியது. ஹீமோகுளோபின் 8, 9 என்று இழுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இரும்புப் பூட்டும் திறப்பதால் இரத்தசோகையும் சரியாகிறது.

ஆனால் சி.ஆர்.பி. பொய் சொல்லும். அதை ஏற்றும் செய்தியையே அடைத்துவிட்டதால், நிமோனியா வந்தாலும் சி.ஆர்.பி. பூஜ்யத்துக்கு அருகில் கிடக்கும், காய்ச்சலும் வராமல் போகலாம். ஆம்பூரிலோ குடியாத்தத்திலோ பக்கத்துத் தெரு மருத்துவரிடம் போகும்போது 'நான் டோசிலிசுமாப் போட்டுக்கொள்கிறேன்' என்று சொல்லாவிட்டால், இரத்தச் சோதனை நார்மல் என்று திருப்பி அனுப்பிவிடுவார். இ.எஸ்.ஆர். என்ற அழற்சிச் சோதனையை வைத்துக் கணக்கிடும் மதிப்பெண்ணும் நோயை உள்ளதைவிட அடங்கியதாகக் காட்டும். அதனால் சி.டி.ஏ.ஐ. என்ற, மூட்டுகளை எண்ணிப்போடும் மதிப்பெண்ணைக் கேட்டு வாங்குங்கள்: 10-க்குள் இருந்தால் பரவாயில்லை, 2.8-க்குள் இருந்தால் அடங்கிவிட்டது. குடலில் துளை விழும் ஆபத்து சிறிதளவு உண்டு. வலி மாத்திரையும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும் சேர்த்து விழுங்குபவர்களுக்கு அது கூடும்.

ஜேக் மாத்திரை

வேலூர்ப் பக்கம் அதிகம் கைக்கு எட்டும் மருந்து இதுதான். டோஃபாசிட்டினிப் 5 மி.கி. காலை, மாலை. பல இந்திய நிறுவனங்கள் தயாரிப்பதால் ஊசிகளைவிட மலிவு. ஃப்ரிட்ஜ் வேண்டாம். இரண்டு வாரத்திலேயே வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். பாரிசிட்டினிப் 4 மி.கி. நாளுக்கு ஒருமுறை போதும். அது சிறுநீரகம் வழி வெளியேறுவதால் சிறுநீரகம் மந்தமானவர்களுக்கு 2 மி.கி. ஆகக் குறைக்க வேண்டும்.

இவ்வளவு வசதியே ஆபத்தும். 2022 ஜனவரியில் வெளியான பெரிய ஆய்வில் ஐம்பது வயது தாண்டி, குறைந்தது ஓர் இதய ஆபத்தாவது உள்ள 4,362 பேரைப் பல ஆண்டுகள் பார்த்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை டோஃபாசிட்டினிப் குழுவில் 3.4 சதவீதம், டி.என்.எஃப். குழுவில் 2.5 சதவீதம். புற்றுநோய் 4.2-க்கு 2.9. இரத்தக்கட்டியும் கூடியது. ஆபத்தின் பெரும்பகுதி 65 வயது தாண்டியவர்களிடமும் புகைபிடிப்பவர்களிடமும் குவிந்திருந்தது. பீடி பிடிக்கும் அறுபது வயதுக்காரருக்கு 'மலிவு' என்பதற்காக இதை எழுதுவது தவறான சிக்கனம். முப்பத்தைந்து வயதில் சர்க்கரையும் கொழுப்பும் இல்லாத, புகைக்காத ஒருவருக்கு அதே கணக்கைக் காட்டிப் பயமுறுத்துவதும் தேவையில்லை.

அக்கி இந்த மாத்திரையோடு ஒட்டிப்பிறந்தது போல வரும். வைரஸை அடக்கிவைக்கும் இன்டர்ஃபெரான் செய்தியும் ஜேக் வழியே ஓடுவதால் நரம்பில் உறங்கும் வைரஸ் விழிக்கிறது. இடுப்பைச் சுற்றி எரிச்சலும் கொப்புளமும் வந்தால் குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் அக்கி எழுதுவது இந்தப் பக்கத்து வழக்கம். எழுதிக்கொள்ளட்டும், ஆனால் 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மாத்திரையும் தொடங்கியாக வேண்டும். உயிரற்ற அக்கித் தடுப்பூசி இப்போது கிடைக்கிறது. முடிந்தால் ஜேக் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ளலாம்.

இரண்டு மோதல்களை இங்கே அடிக்கடி காணலாம். படர்தாமரைக்கு இட்ராகொனசோல் எழுதுகிறார்கள். அது டோஃபாசிட்டினிபை உடலில் தேக்கிவைக்கும், அளவை நாளுக்கு ஒருமுறை 5 மி.கி. ஆகக் குறைக்க வேண்டும். இதற்கு நேர் எதிர், காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின். அது டோஃபாசிட்டினிபை ஆறில் ஒரு பங்காகக் கரைத்துவிடும். மாத்திரை விழுங்கிக்கொண்டே இருப்பார்கள், மூட்டு வீங்கிக்கொண்டே இருக்கும்.

பி அணுவும் டி அணுவும்

ரிடுக்சிமாப் பி அணுக்களைத் துடைத்தெடுக்கிறது. ஆன்டி சி.சி.பி. அல்லது ஆர்.ஏ. ஃபாக்டர் உள்ளவர்களுக்கே நன்றாக எடுபடும். முழு அளவு 1,000 மி.கி. முதல் நாளும் 15-ஆம் நாளும். 500 மி.கி. வீதம் இரண்டு முறை கொடுக்கும் குறைந்த அளவும் பலருக்குப் போதுமாகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து போட்டுக்கொண்டால் போதும் என்பதால் ஜவ்வாது மலையிலிருந்து வருபவர்களுக்கும், அறுவடைப் பணம் வரும் மாதத்தில்தான் செலவு செய்ய முடியும் என்பவர்களுக்கும் இது வாகாக அமையும். டாக்டர் ரெட்டீஸின் நகல் மருந்து 2007 முதல் சந்தையில் இருக்கிறது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு மாதம் ஆகும், பொறுமை இல்லாவிட்டால் ஏமாற்றம். காசநோய் ஆபத்து சொற்பம்.

ஆனால் ஹெபடைடிஸ் பி என்றால் ரிடுக்சிமாப் எமன். இப்போதைய தொற்றைக் காட்டும் எச்.பி.எஸ். ஏ.ஜி. நெகட்டிவ் என்று மட்டும் பார்த்து நிம்மதியாகிவிடக் கூடாது, பழைய தொற்றையும் காட்டும் ஆன்டி எச்.பி.சி. சோதனையும் வேண்டும். பழைய தொற்று பாசிட்டிவாக இருந்தால் ரிடுக்சிமாபைத் தவிர்க்கலாம், அல்லது என்டெகாவிர் போன்ற ஹெபடைடிஸ் பி மருந்தின் காவலில் கொடுக்கலாம். அந்தக் காவல் கடைசி ரிடுக்சிமாபுக்குப் பிறகும் ஒரு வருடத்துக்குக் குறையாமல் நீள வேண்டும். ஊசிக்கு முன் மெத்தில்பிரெட்னிசோலோன் 100 மி.கி. போடுவார்கள். வெறுங்காலோடு கழனியில் இறங்குபவர்களுக்கு அதற்கு முன் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற குடற்புழு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது, ஸ்டீராய்டு அந்தப் புழுவை உடலெங்கும் பரவவிடும். தடுப்பூசிகளை ஊசிக்கு நான்கு வாரம் முன்பே முடித்துவிடுங்கள், பிறகு போட்டால் உடல் அதைக் கற்றுக்கொள்ளாது.

அபாட்டாசெப்ட், டி அணு முழுதாக விழிக்கத் தேவையான இரண்டாவது கைகுலுக்கலை, அதாவது துணைச் செய்தியைத் தடுக்கிறது. 60 கிலோவுக்குக் கீழே 500 மி.கி. மாதம் ஒருமுறை. தொற்றுப் பயம் குறைவு, நுரையீரல் தழும்பு உள்ளவர்களுக்கு வாதநோய் மருத்துவர்கள் இதையும் ரிடுக்சிமாபையும் நாடுகிறார்கள். மெதுவானது, விலை கையைக் கடிக்கும். பெரிதாகச் சொல்ல வேறில்லை.

மூட்டுச் சவ்வைத் துளி எடுத்துப் பார்த்து மருந்தைத் தேர்வது நல்ல யோசனைதான். 2021-இல் 164 பேரிடம் ஐரோப்பாவில் நடந்த ஆய்வில், மரபணுச் செய்தியை வாசித்துப் பி அணு குறைவு என்று வகைப்படுத்தியவர்களில் டோசிலிசுமாப் 63 சதவீதத்தினருக்கும் ரிடுக்சிமாப் 36 சதவீதத்தினருக்கும் உதவியது. அன்றாட மருத்துவத்துக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

தொடங்குமுன்

எந்தப் பாதையானாலும் மார்பு எக்ஸ்ரேயும், உறங்கும் காசநோயைக் காட்டும் மான்டூ (தோல்) அல்லது இக்ரா (இரத்தம்) சோதனையும் வேண்டும். பாசிட்டிவ் என்றால் காசநோய் மருந்தான ஐசோனியசிட் 300 மி.கி. தினமும், பைரிடாக்சினோடு (வைட்டமின் பி6), ஆறு மாதம். அதில் ஒரு மாதம் முடிந்தபின் ஊசியைத் தொடங்கலாம். வாரம் ஒருமுறை, பன்னிரண்டு வாரம் போடும் ரிஃபாபென்டின் கூட்டு வசதியானதுதான், ஆனால் ரிஃபாம்பிசினின் உறவுக்காரன் என்பதால் டோஃபாசிட்டினிபோடு சேராது. ஐசோனியசிடும் மெத்தோட்ரெக்சேட்டும் ஒரே ஈரலில்தான் இறங்குகின்றன. மாதம் ஒருமுறை எஸ்.ஜி.பி.டி. என்ற ஈரல் சோதனை பார்க்க வேண்டும், சாராயம் அறவே கூடாது. சோதனை நெகட்டிவ் என்றாலும் காசநோய் வராது என்று பொருளில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடைக்குறைவு என்றால் உடனே காட்ட வேண்டும். நாளுக்கு 10 மி.கிராமைத் தாண்டிய பிரெட்னிசோலோன், அதுவும் பெயரில்லாத 'மூட்டுவலிப் பொடி'யில் ஒளிந்திருப்பது, இந்தத் தொற்றுக் கணக்குகளையெல்லாம் மோசமாக்கும்.

ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். வாங்கிக்கொண்டு வாணியம்பாடிக்குப் பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். ஐஸ் பெட்டியில் வையுங்கள், ஆனால் ஐஸ் பொட்டலம் ஊசியை நேராகத் தொடக் கூடாது, நடுவில் ஒரு துண்டைச் சுற்றுங்கள். உறைந்துபோன ஊசி உருகியபின் பார்க்கத் தெளிவாகவே இருக்கும், ஆனால் கெட்டுவிட்டது. ஃப்ரிட்ஜின் கதவுத் தட்டிலும் ஃப்ரீசரை ஒட்டியும் வைக்காதீர்கள்.

யாருக்கு எது

குடியாத்தத்தில் பீடி சுற்றும் முப்பத்தெட்டு வயதுப் பெண், புகைப்பதில்லை, பிள்ளைப்பேறு முடிந்தது, ஃப்ரிட்ஜ் கிடையாது என்றால் டோஃபாசிட்டினிப் சரியான தேர்வு. தொடங்கி இரண்டு மாதத்துக்குள் ஒருமுறையும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் இரத்த அணு, ஈரல், கொழுப்பு சோதனை. விரல் தேய வேலை செய்பவருக்கு இரண்டு வாரத்தில் கை பிடிப்பது பெரிய விஷயம்.

தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அறுபது வயதுக்காரர், பீடி பழக்கம், சர்க்கரை, ஆன்டி சி.சி.பி. மிக அதிகம், பத்தாண்டுக்கு முன் காசநோய் மருந்து முடித்தவர் என்றால் ஜேக்கும் வேண்டாம், அடலிமுமாபும் வேண்டாம். ஹெபடைடிஸ் சோதனைகள் சுத்தமாக இருந்தால் குறைந்த அளவு ரிடுக்சிமாப். பீடியை விடாவிட்டால் எந்த மருந்தும் அரைகுறையாகத்தான் கேட்கும்.

ஆரணியில் புதிதாகக் கல்யாணமானவர், அடுத்த வருடம் குழந்தை வேண்டும் என்கிறார். மெத்தோட்ரெக்சேட்டைக் கருத்தரிப்புக்கு மூன்று மாதம் முன்பே நிறுத்த வேண்டும், ஜேக் அறவே கூடாது. ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசினோடு எட்டானெர்செப்ட் வைக்கலாம், அது நஞ்சுக்கொடியைக் கடப்பது மிகக் குறைவு. அடலிமுமாபோ இன்ஃப்ளிக்சிமாபோ கடைசி மூன்று மாதத்தில் போட்டிருந்தால், குழந்தைக்குக் குறைந்தது ஆறு மாதம்வரை, உயிருள்ள கிருமியால் ஆன காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போடக் கூடாது. நம் ஊரில் பி.சி.ஜி. பிறந்த அன்றோ மறுநாளோ போட்டுவிடுவார்கள், பிரசவ வார்டில் யாரும் கேட்க மாட்டார்கள். கர்ப்பிணிப் பதிவு அட்டையின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதி வைத்து, பேறுகாலத்துக்குத் துணைக்கு வரும் அம்மாவிடமும் மாமியாரிடமும் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.